யானைக்கு அஞ்சியவளின் சம்மதம்

"பயந்துதானே மேடம் கட்டிப்பிடிச்சா? அப்புறம் அதைக் காதல்னு எப்படி எழுதுறது?"

கந்தபுராணத்தின் வள்ளியம்மை திருமணப் படலத்தை நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து வந்த கேள்வி இது. கேட்டவள் திருத்தணிக்காரி. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். ஆடிக் கிருத்திகைக்கு ஆண்டுதோறும் தன் அம்மாவோடு பூக்காவடி எடுத்து மலையேறுகிறவள். கடவுளை நம்பாத ஒருத்தி கேட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். வள்ளி என்பது ஆன்மா, முருகன் என்பது அந்த ஆன்மாவைத் தேடி வரும் இறை, வள்ளி இச்சாசக்தி, தெய்வயானை கிரியாசக்தி என்று நான் படித்த காலத்தில் எனக்குச் சொல்லப்பட்ட விளக்கம் கைவசம் இருந்தது. நம்பிக்கையோடு மலையேறும் ஒரு பெண், அந்த நம்பிக்கைக்குள் நின்றுகொண்டே கேட்டதால்தான் அந்த விளக்கம் போதவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்கான தாமதமான பதில்.

கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் கச்சியப்ப சிவாச்சாரியார் அதை எந்த வரிசையில் சொல்கிறார் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. மேல்பாடிக்கு அருகிலுள்ள வள்ளிமலையில் தினைப்புனம் காக்கிறாள் வேடர் தலைவன் நம்பியின் வளர்ப்பு மகள். தணிகையில் இருக்கும் முருகனிடம் நாரதர் வந்து அவளைப் பற்றிச் சொல்கிறார். முருகன் வேடனாகப் போகிறான். நம்பி வந்துவிட, வேங்கை மரமாகிறான். மீண்டும் வேடன். மீண்டும் நம்பி வர, கிழவனாகிறான். பசிக்கிறது என்கிறான், வள்ளி தேனும் தினைமாவும் தருகிறாள். தாகம் என்கிறான், நீர் இருக்கும் இடத்துக்கு அழைத்துப்போகிறாள். பிறகு அவளையே கேட்கிறான்.

இந்த இடத்தில் வள்ளி மறுக்கிறாள். நாணத்தில் தலைகுனிந்து சொல்லும் மறுப்பாக அது இல்லை. தலை நரைத்தும் அறிவில்லையா, எதற்காக இத்தனை வயதானீர், பைத்தியம் போலப் பிதற்றுகிறீரே, எங்கள் வேடர் கூட்டத்துக்கே பழி கொண்டுவருகிறீரே என்று ஏசிவிட்டு நடக்கிறாள். அதற்குப் பிறகுதான் யானை வருகிறது. அண்ணன் விநாயகனை நினைக்கிறான் முருகன். காட்டானை எதிரே நிற்கிறது. காப்பாற்றினால் நீர் சொன்னபடி செய்கிறேன் என்று வள்ளி கிழவனைத் தழுவிக்கொள்கிறாள்.

என் மாணவியின் கேள்வி புராணத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதல்ல. ஒரு பெண் தெளிவாக "மாட்டேன்" என்று சொன்னதையும், அந்தச் சொல்லை மாற்ற ஒரு யானை தேவைப்பட்டதையும் புராணமே எழுதிவைத்திருக்கிறது. நாம்தான் யானையை விளையாட்டாகவும் தழுவலைக் காதலாகவும் படிக்கப் பழகியிருக்கிறோம்.

வேற்றிடத்திலிருந்து வரும் ஒருவனுக்கும் ஒரு நிலத்துக்குரிய பெண்ணுக்கும் இடையிலான காதல் தமிழுக்குப் புதிதில்லை. குறிஞ்சித் திணையின் அடிப்படையே அதுதான். தினைப்புனத்துக்கு வரும் தலைவன் யாரோ ஒரு ஏதிலாளன். அவன் ஊர் தெரியாது, குடி தெரியாது. அவனை ஏற்பதா வேண்டாமா என்பதைத் தோழியும் தலைவியும் பேசி, சோதித்து, தாமதித்து முடிவு செய்கிறார்கள். நற்றிணையின் 45ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அது நெய்தல் நிலத்துப் பாடல். தேரில் வரும் செல்வனிடம் தோழி பேசுகிறாள்: இவள் மீனவர் மகள், நீ பெரிய ஊரின் செல்வர் வீட்டுப் பிள்ளை, எங்கள் மேல் மீன் நாற்றம் அடிக்கிறது, தள்ளி நில். கேட்க ஏதோ தன்னைத் தாழ்த்திக்கொள்வதுபோல் இருக்கும். முடிக்கும்போது அவள் சொல்வது, எங்கள் சிறு வாழ்க்கை உன் வாழ்க்கைக்கு ஒப்பாகாது, ஆனால் எங்களிடையேயும் உன்னைப் போன்ற மேன்மக்கள் இருக்கிறார்கள் என்பது. குல வேறுபாட்டை அவள் வேலியாக நட்டுத் தன் தோழியைக் காக்கிறாள். அந்த வேலியைத் தாண்டி வர வேண்டிய பொறுப்பு அவனுடையது.

கந்தபுராண வள்ளியும் கிழவனை மறுக்கும்போது குலத்தைத்தான் எடுக்கிறாள். ஆனால் தன்னைச் சுட்ட அவள் வாயில் வைக்கப்படும் சொல் "இழிகுலம்". மீன் நாற்றத்தைச் சொன்ன தோழி தன் குடியை இழிவென்று சொல்லவில்லை. வள்ளி சொல்கிறாள். அடுத்த மூச்சிலேயே வேடர் கூட்டத்தின் மானத்துக்காகவும் சீறுகிறாள். இந்த இரண்டு குரலில் ஒன்று புனத்தில் வளர்ந்த பெண்ணுடையது. மற்றொன்று அவளை மேலேயிருந்து பார்க்கும் கண்ணுடையது என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகுவதுதான் பெண்ணிய வாசிப்பின் முதல் பாடம் என்று மாணவிகளிடம் சொல்வேன்.

முருகன் தன் உருவைக் காட்டிய பிறகு வள்ளி சொல்வதையும் இப்படிக் கேட்கலாம். இந்த உருவத்தை முன்பே காட்டியிருக்கக் கூடாதா, இவ்வளவு நேரத்தை வீணாக்கினீரே என்கிறாள். அதில் உரிமை இருக்கிறது, வேட்கை இருக்கிறது, ஒரு நல்ல கேள்வியும் இருக்கிறது: ஏன் வேடம் போட்டாய்? அதற்குப் பதில் இல்லை. உடனே அவள் வாயிலிருந்தே வருகிறது, நான் செய்த குற்றங்களை எல்லாம் பொறுத்து ஆட்கொள்ளும் என்னும் வேண்டுகோள். அவள் செய்த குற்றம் எது? யாரென்று தெரியாத ஒருவனுக்குத் தேனும் தினைமாவும் தந்தாள், அத்துமீறியபோது மறுத்தாள். மறுப்பு குற்றமாக மாறும் இந்தத் திருப்பத்தில் களவு முடிந்து பக்தி தொடங்குகிறது.

பழைய பாடல்களில் வள்ளி இப்படி இல்லை. நற்றிணையின் 82ஆம் பாடலில் அவள் முருகனோடு சேர்ந்து நடந்து செல்கிறாள். அவள் உருவம் பார்ப்பவன் கண்ணைக் கூசச் செய்யும் ஒளியாக உவமிக்கப்படுகிறது. யானை இல்லை, வேடம் இல்லை. பரிபாடலின் ஒன்பதாம் பாடலோ ஒரு படி மேலே போய், நான்மறை அறிந்தவர்களை விளித்துத் தமிழின் களவு மணத்தின் சிறப்பைப் பேசுகிறது. திருப்பரங்குன்றத்தில் இந்திரன் மகளின் தோழியரும் வள்ளியின் தோழியரும் மோதிக்கொள்கிறார்கள். வெல்வது வள்ளியின் கூட்டம். அங்கே வள்ளி ஒரு கட்சி. ஒரு வாழ்முறையின் பெயர்.

புராணம் செய்த பெரிய மாற்றம் யானையைக் கொண்டுவந்தது அல்ல என்று இப்போது நினைக்கிறேன். வள்ளியின் பிறப்பை மாற்றியதுதான். கந்தபுராணத்தில் அவள் முற்பிறவியில் திருமாலின் மகள் சுந்தரவல்லி. தெய்வயானை அவள் அக்காள் அமுதவல்லி. இருவரும் முருகனை மணக்க வேண்டித் தவம் செய்தவர்கள். அந்தச் சுந்தரவல்லி, சிவமுனிவரின் பார்வையால் கருவுற்ற மானின் வயிற்றில் பிறந்து, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்து, வேடர் கையில் கிடைக்கிறாள். ஆக, முருகன் மணந்தது குறமகளை அல்ல. குறவர் வீட்டில் சிலகாலம் வளர்ந்த திருமால் மகளை. கடவுள் எந்த எல்லையையும் தாண்டவில்லை. பெற்றெடுக்காத நம்பியும் அவன் மனைவியும் வளர்ப்பதற்கு மட்டுமே வேண்டியிருந்தார்கள். மகளைத் தேடி வில்லோடு வந்தபோது சேவலின் ஒரு கூவலில் அந்த வேடர்கள் செத்து விழுகிறார்கள். பிறகு நாரதர் சொல்ல, முருகன் பணிக்க, வள்ளியின் சொல்லால் எழுகிறார்கள். எழுந்தவர்கள் வணங்குகிறார்கள். ஒரு மக்கள் கூட்டம் அழிந்து, வணங்கும் கூட்டமாக உயிர்பெறுவது இத்தனை அழகாகச் சொல்லப்படுவது எனக்கு அச்சத்தைத் தருகிறது.

இந்த அச்சத்துக்கு ஒரு துணை வேண்டி நான் போனது வெகு தொலைவு. அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1978இல் 'சர்வைவர்' என்றொரு அறிவியல் புனைகதை நாவலை வெளியிட்டார். பூமியிலிருந்து தப்பிய ஒரு மதக்குழு வேற்றுக் கிரகத்தில் குடியேறுகிறது. மனித வடிவமே இறைவனின் சாயல், அதைக் கலப்பில்லாமல் காப்பதே கடமை என்பது அவர்கள் நம்பிக்கை. அங்கே ஏற்கெனவே வாழ்பவர்கள் உடலெங்கும் மயிர் அடர்ந்த, நிறம் மாறும் மக்கள். தங்களுக்குள் பகை கொண்ட குழுக்கள். அலன்னா என்ற பெண் அந்த மதக்குழுவின் வளர்ப்பு மகள். பூமியில் அநாதையாகத் திரிந்தபோது எடுத்து வளர்க்கப்பட்டவள். பகைக் குழு ஒன்றால் சிறைபிடிக்கப்படுகிறாள், பிழைக்கிறாள், அவர்கள் தலைவனுக்கு மனைவியாகிறாள், ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகிறாள். அவளிடம் கேட்டுத் தொடங்கிய உறவு அல்ல அது. திரும்பி வந்து உண்மையைச் சொல்லும்போது வளர்த்த தந்தையால் அதை ஏற்க முடிவதில்லை.

கிழங்குக் குழியில் கிடைத்த பெண்ணையும் அநாதையாகக் கிடைத்த பெண்ணையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படும். இரண்டு சமூகங்கள் சந்திக்கும் இடத்தில் நிறுத்தப்படுகிறவள் பெரும்பாலும் வளர்ப்பு மகள்தான். முழுதாக யாருக்கும் சொந்தமில்லாதவளை விட்டுக்கொடுப்பது எளிது. ஆனால் பட்லர் தன் நாயகிக்கு உயர்ந்த முற்பிறவி எதையும் தரவில்லை. அவள் கடந்தது கடந்ததுதான்; அதன் இழப்பும் அவளுடையதுதான். இன்னொன்றும் செய்தார் பட்லர். இந்த நாவல் அவருக்கே பிடிக்காமல் போயிற்று. வேற்றுலகத்தாரைத் தாழ்ந்த "பழங்குடி"களாகக் காட்டும் பழைய கதைகளின் தவறைத் தானும் செய்துவிட்டதாக நினைத்தார். தன் நாவல்களில் இதை மட்டும் மறுபதிப்பு செய்ய அவர் அனுமதிக்கவில்லை. 2006இல் இறக்கும்வரை அதில் உறுதியாக இருந்தார்.

ஒரு புராணத்தை அப்படித் திரும்பப் பெற யாராலும் முடியாது. அது வழிபாட்டில் இருக்கிறது, என் மாணவியின் தாயாரின் தோளில் காவடியாக இருக்கிறது. அதைப் படிக்கும் விதத்தைத்தான் மாற்ற முடியும். அப்படி மாற்ற வேண்டிய அவசியம் இலக்கியத்துக்கு வெளியே இருக்கிறது.

திருத்தணி இருந்த சித்தூர் மாவட்டம் 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. அதே 1911இல்தான் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டவர்களில் குறவர்களும், தெலுங்குப் பகுதியில் எருகலர் எனப்படுபவர்களும் உண்டு. 1909இல் வெளிவந்த தன் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுப்பில் எட்கர் தர்ஸ்டன் இவ்விரு பெயர்களையும் ஒரே மக்களுக்குரியதாகவே எழுதினார். கைரேகை, பெயர்ப் பதிவு, காவலர் முன் ஆஜராவது, ஊர் விட்டு ஊர் போக அனுமதி. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கவும் சட்டம் இடம் தந்தது. குண்டூர் பகுதியில் எருகலருக்கென அமைந்த ஸ்டூவர்ட்புரம் குடியிருப்பை நடத்தும் பொறுப்பு இரட்சணிய சேனையிடம் கொடுக்கப்பட்டது. திருத்தும் அரசும் மீட்கும் மதமும் அங்கே ஒரே வேலியின் இரு பக்கத்துக் காவலர்கள். அந்தச் சட்டம் நாடு முழுதும் நீங்க 1952 ஆகிவிட்டது.

பட்லரின் வேற்றுக் கிரகத்துக்குப் போக வேண்டியதே இல்லை. வேற்றார் வந்து ஆண்ட உலகம் இதுதான். மலைமேல் குறமகள் தெய்வம். அடிவாரத்துக் குறத்தி, காவல் நிலையப் பதிவேட்டில் ஒரு பெயர். ஒருத்தியைத் திருமால் மகளாக்கி உயர்த்திவிட்டதால் மற்றவர்களைப் பற்றி மரபுக்குக் கேள்வியே எழவில்லை. வெள்ளையர் கொண்டுவந்த சட்டத்துக்கு நம் பதிப்புகளிலும் மேடைகளிலும் ஏற்கெனவே புழங்கிய "இழிகுலம்" என்ற சொல் இடம் ஒதுக்கித் தந்திருந்தது.

அந்த அடிமைக் காலத்தில் நம்பிக்கை எதிர்ப்பாகவும் இருந்தது என்பதை மறைத்தால் நான் நேர்மையற்றவளாவேன். ஆங்கிலப் புத்தாண்டன்று துரைமார்களைப் பார்த்து வணங்கும் வழக்கத்துக்கு மாற்றாக, டிசம்பர் 31ஆம் நாள் தணிகைமலையின் 365 படிகளுக்கும் திருப்புகழ் பாடி ஏறும் திருப்படித் திருவிழாவை 1910களின் இறுதியில் தொடங்கியவர் வள்ளிமலை சுவாமிகள். வள்ளியின் மலையைத் தன் பெயரில் கொண்டவர் அவர். நாடக மேடையிலோ வள்ளியின் தினைப்புனமே நாடாக மாறியது. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தில் முருகனாக நடித்த விசுவநாததாஸ், புனத்தில் பறவை விரட்டும் கட்டத்தில் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடும்போது கூட்டத்துக்கு அது யாரென்று தெரியும். பலமுறை சிறை சென்ற அவர் 1940 டிசம்பர் 31இல் சென்னையில், முருகன் வேடத்தில், மேடையிலேயே உயிர்விட்டார்.

இந்த இரண்டு நினைவையும் நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டிலும் புனம் நாடானது, முருகன் வீரனானான், வள்ளி காக்கப்படும் மண்ணானாள். புனத்தின் உண்மையான காவல்காரி அவள்தான் என்பதை மேடையில் வேறொருவர் நினைவில் வைத்திருந்தார்: வள்ளியாக நடித்த நடிகை. ஸ்பெஷல் நாடகங்களில் வள்ளி திருமணம் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரவின் சிறப்பே வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம். புராணத்தில் நாரதர் அவளைப் பற்றி முருகனிடம் சொல்கிறார். மேடையில் அவர் அவளிடமே பேசியாக வேண்டும். அவள் மடக்குகிறாள், எதிர்க்கேள்வி போடுகிறாள், பாட்டுக்குப் பாட்டு தருகிறாள். ஊர் மதிக்காத தொழிலில் இருக்கும் ஒரு பெண், விடிய விடிய ஆண்களோடு வாதாடும் வள்ளியை உயிரோடு வைத்திருக்கிறார். முடிவில் திருமணம் நடக்கும். அது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அவள் எவ்வளவு நேரம் பேசுகிறாள் என்பதற்காகத்தான் கூட்டம் உட்கார்ந்திருக்கிறது.

கதிர்காமத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே வள்ளி இலங்கையின் வேடர் குலத்துப் பெண். ஆடித் திருவிழாவின் இரவுகளில் கந்தனின் ஊர்வலம் அவன் கோயிலிலிருந்து புறப்பட்டு வள்ளியின் கோயிலுக்குப் போகிறது. அவளைத் தேடி அவன்தான் போகிறான், ஒவ்வோர் ஆண்டும், அவள் இடத்துக்கு. வழிபாட்டுக்குள்ளேயே இந்த இன்னொரு திசையும் இருக்கிறது.

வள்ளியை ஆன்மா என்று படிக்கும் விளக்கத்தை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. இறைவன் தாழ்ந்து வந்து தன்னைத் தேடுவான் என்பது துன்பத்தில் இருக்கும் எத்தனையோ பெண்களுக்கு ஆறுதல். என் கேள்வி வேறு: ஆன்மா பணிய வேண்டும் என்பதைச் சொல்ல ஏன் ஒரு பெண்ணின் மறுப்பு எடுத்துக்கொள்ளப்பட்டது? அதுவும் ஒரு குறப்பெண்ணின் மறுப்பு? உருவகம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பேசுவதாகச் சொல்லிக்கொள்ளும். ஆனால் அதைக் கேட்டு வளர்கிறவர்களுக்கு உடல் இருக்கிறது. பின்தொடர்வதும் வேடமிடுவதும் பயமுறுத்துவதும் காதலின் படிகள் என்று நம் திரைப்படங்கள் இத்தனை காலம் சொன்னபோது, எங்கேயோ கேட்ட கதைதானே என்று நமக்குப் பழக்கமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அன்று வகுப்பில் நான் அந்த மாணவிக்குச் சரியான பதில் சொல்லவில்லை, மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் ஒரு வேலை கொடுத்தேன். யானை வருவதற்கு முன் வள்ளி பேசும் இடத்தை மட்டும் எல்லோரும் சொந்த நடையில் எழுதி வாருங்கள் என்றேன். பாதிப் பேர் சென்னைத் தமிழில் எழுதினார்கள். இரண்டு பேர் தெலுங்கில் எழுதிப் படித்துக் காட்டினார்கள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கேள்வி கேட்டவள் கடைசியில் எழுந்து, கிழவனைத் திட்டிவிட்டு வள்ளி பரணுக்குத் திரும்பி ஏறுவதோடு தன் தாளை முடித்திருந்தாள்.

"அப்புறம் முருகன்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"வேணும்னா கீழ நின்னு கூப்பிடட்டும். சொந்த முகத்தோட."

அந்த ஆண்டும் அவள் காவடி எடுத்தாள்.